ஆற்றுவாய் வெட்டும் மருந்து

விதுசாட அப்பா,

சோறும் மீன் ஆணமும் மூடி வைத்திருக்கிறேன்.

"மருந்து கண்ண இருட்டாக்குது புள்ள" என்று நீங்கள் எறிந்த சொட்டுமருந்தையே திரும்ப வாங்கி மேசையில் வைத்தேன். அது கண்மணியைச் சுருக்குவதால்தான் வெளிச்சம் மங்குகிறது. சுருங்கினால்தான் கண்ணுக்குள் அடைபட்ட மூலை திறந்து, உள்ளே தேங்கிய நீர் வடிந்து அழுத்தம் இறங்கும். வாவி பெருகினால் ஆற்றுவாய் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுகிறோமே, அப்படி. போன பார்வை திரும்பாது என்று டொக்டர் சொன்னார். மிச்சத்தையாவது காப்போம்.

பக்கத்தில் நின்ற புஸ்பத்தை நீங்கள் பாராமல் போனபோது, "இவருக்குத் தலைக்கனம்" என்று தெருவெல்லாம் பரப்பியவள் நான்தான். ஊர்ப் பூராயம் எல்லாம் அறிந்தவளுக்கு வீட்டுக்காரரின் கண் போவது தெரியவில்லை.

பி.கு: வரச் சுணங்கும். "அவருக்குத் தலைக்கனமில்லடி, பக்கப் பார்வை போயிட்டு" என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டும். புஸ்பம் வீட்டோடு ஒன்பது வீடு.