கில்லேதார்மேட்டுப் பத்திரம்

ஜனவரி 6, செவ்வாய்

பின்தெரு பிராங்க்ளின் வாத்தியார் இன்றும் வந்தார். நம் தெருவுக்குக் கில்லேதார்மேடு என்று எப்படிப் பெயர் வந்ததாம். கில்லேதார் பாரசீகம், கோட்டைக்கு அதிகாரி. மேடு தமிழ் என்று அவரே விளக்கமும் சொன்னார். எல்லாம் தெரிந்தவருக்கு என் வாயைப் பிடுங்குவானேன்? எழுந்து போகும்போது மெல்லக் கேட்டார்:

"அக்கா, ஒங்க வீட்டுப் பழைய பத்திரம் ஏதும் கெடக்கா?"

இல்லை என்றேன். பீரோவில் இருக்கிறது. இந்தக் காலத்தில் யார் பத்திரம் கேட்டாலும் எங்களை மாதிரி முஸ்லிம் வீடுகளில் பயம்தான்.

ஜனவரி 7

எடுத்துப் பார்த்தேன். 1911. மாமனாரைப் பெற்ற அத்தா வாங்கிய இடம். எழுத்தெல்லாம் தமிழ். முத்திரைக்குக் கீழே தெருப் பெயர் ஆங்கிலத்தில். விற்றவர் உருதுவில் கையெழுத்துப் போட்டுத் தெருவையும் எழுதியிருக்கிறார். குர்ஆன் ஓதிய பழக்கத்தில் எழுத்துக் கூட்டிவிட்டேன். மூன்றிலும் கில்லேதார்மேடுதான். புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

ஜனவரி 11

டீக்கடையில் வாத்தியாரும் வீட்டுத் தரகர் மதியழகனும் நெருங்கி நின்று பேசுகிறார்கள். தெருப் பெயரை ராக்வியூ நகர் என்று மாற்ற மனுக் கொடுத்ததே அந்தத் தரகர்தான். மொட்டைமாடியில் ஏறி எக்கினால்தான் மலைக்கோட்டை தெரியும், இதில் ராக்வியூவாம். வாத்தியாரும் கூட்டு. நான் நினைத்தது சரி.

ஜனவரி 12

மறுபடியும் வந்து கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன்.

ஜனவரி 21

வார்டுக் கூட்டத்துக்குப் போன என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். பழைய பெயரே இருக்கட்டும் என்று எழுந்து பேசிய ஒரே ஆள் பிராங்க்ளின்தானாம். எழுத்தில் ஆதாரம் கேட்டார்களாம். வெறுங்கையோடு நின்றாராம். டீக்கடையில்கூட மனுவைத் திரும்ப வாங்கச் சொல்லித்தான் தரகரோடு மல்லுக்கட்டினாராம். பெயர் மாற்றம் முடிவாகிவிட்டது.

"பத்திரம் நம்மகிட்டத்தான இருக்கு? ஒன்னையக் கேக்கலையா அவரு?"

கேக்கலன்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? யா அல்லாஹ், என்ன காரியம் பண்ணிட்டேன் — அந்த மனுசன் என்ன பாவம் பண்ணாரு?

பிப்ரவரி 3

ராக்வியூ நகர் பலகை நட்டுவிட்டார்கள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு பிராங்க்ளின் வீட்டுக்குப் போனேன். மூன்று மொழியிலும் இருந்த தெருப் பெயரை விரல் வைத்துப் பார்த்தார்.

"இதத்தாங்க்கா தேடுனேன்."

கோபம் இல்லை. பரணில் கிடந்தது, இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது என்றேன். தலையாட்டினார்.

எங்கள் வீட்டில் பரண் கிடையாது. மூன்று தடவை வந்து உட்கார்ந்து போனவருக்கு அது தெரியும்.