கட்டுப் போடச் சொன்னது யார்

பென்னலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பேரன் கோபிநாத்துக்கு, ஆயா கன்னியம்மா எழுதுவது.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: வீங்கிய மணிக்கட்டோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நீ, உன் அப்பன் செந்தமிழன், உன் அம்மா உமாதேவி, அவள் தம்பி வசந்தகுமார், நான். வேறு ஒருவரும் இல்லை.

நீ வலியில் உள்ளே சுருண்டு படுத்துவிட்டாய். கூடத்தில் பேசியது உனக்குத் தெரியாது. நாட்டு வைத்தியரிடம் உன்னை அனுப்பியது நான்தான் என்று நம்பி, புனேயிலிருந்து எல்லோரிடமும் பேசுகிறாய், என்னிடம் மட்டும் பேசுவதில்லை. கிழவி என்றால் நாட்டு மருந்துதான் என்று நினைத்தாயா?

எனக்கு என்றைக்கும் இங்கிலீஷ் மருந்துதான். சின்ன வயதில் கழுவிய பாட்டிலோடு அம்மா என்னை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப் போவாள். கம்பவுண்டர் ரோஸ் நிற மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டுவார். திரும்பும் வழியெல்லாம் ஏரிக்காற்று. அந்த மருந்தின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. உன் அப்பனையும் அதைக் கொடுத்துத்தான் வளர்த்தேன்.

அன்றைக்கும், ‘ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்கடா, எக்ஸ்ரே எடுக்கட்டும்’ என்றேன். வசந்தகுமார் செல்போனை நீட்டி, ‘அலோபதிக்குப் போனா கத்தி வெச்சிடுவான் அத்தை, இயற்கை வைத்தியந்தான் பெஸ்ட்டு’ என்றான். ‘போன்ல பாத்தா எலும்பு கூடுமாடா?’ என்று கத்தினேன். உன் அப்பன் மச்சான் பேச்சைக் கேட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டான்.

வைத்தியர் போட்ட முட்டைக்கட்டோடு கம்பெனிக்குப் போன உன்னிடம், மாற்று மருத்துவத்துக்கு லீவு கிடையாது, இங்கிலீஷ் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். மாற்றாம்! எங்கள் காலத்தில் இன்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டா காய்ச்சலை நம்பி லீவு கொடுத்தார்கள்? வேலை போயிற்று, கையும் கோணலாகக் கூடியது.

அப்புறம் ஒரு நாள், யார் சொல்லி அங்கே கூட்டிப் போனீர்கள் என்று நீ கேட்டாய். உன் அப்பன், ‘ஆயாதான்’ என்றான். அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. மச்சான் மேல் பழி வந்தால் வீட்டில் சண்டை வருமாம். பெற்றவள் மேல் போட்டால் யார் கேட்பார்கள்? அவனே உன்னிடம் உண்மையைச் சொல்வான் என்று காத்திருந்தேன். நீ புனேவுக்குப் பெட்டியோடு கிளம்பின அன்றுகூட அவன் வாய் திறக்கவில்லை.

கண்ணு, அங்கே நல்ல எலும்பு டாக்டரிடம் கையைக் காட்டு. மகமாயி உன்னைக் காப்பாற்றுவாள். ஒரு தடவை போன் பண்ணி, ‘ஆயா, சாப்ட்டியா?’ என்று கேள், போதும்.

உன் மாமனை மன்னித்துவிட்டேன். அவன் நல்லதென்று நம்பிச் சொன்னான். வேளாவேளைக்குச் சோறு போடுகிறேன், குளிக்க வெந்நீர் வைக்கிறேன், ஆனால் மன்னிக்க மாட்டேன், நான் பெற்ற செந்தமிழனை.

இப்படிக்கு,
ஆயா