இவருக்கு இடுப்பு முப்பத்திநாலு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூன்று பேண்ட்டுக்குக் கீழ்மடிப்பு, ஒரு கோட்டுக்கு ஜிப். அதற்கு மேல் கடையில் வேலை இல்லை. மதியம் இவர் டிப்போவிலிருந்து நேரே கடைக்கு வந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர்களுக்கு வருஷா வருஷம் எடுக்கும் பரிசோதனையில் சர்க்கரை எக்கச்சக்கமாம். மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் குறையவில்லை என்றால் பஸ் கிடையாது, டிக்கெட் கவுண்ட்டர்தான்.

“கூண்டுக்குள்ள உக்கார வச்சிடுவாங்கடி,” என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஸ்டியரிங் பிடித்த மனுஷன். உடனே அவரே, “வேற எவனோ குண்டன் ரத்தத்த என் பேர்ல எழுதிட்டானுங்க” என்றும் சொன்னார். நான் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றி முடிந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

இவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மாவுக்கு எங்கள் மகளைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். பொறுமைசாலி. இவருடைய கையையும் காலையும் பார்த்தார். குச்சி குச்சியாக இருக்கும். பிறகு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினார். “நாப்பத்தொண்ணு,” என்றார்.

இவர் சிரித்தார்.

“எடை பெருசா ஒண்ணும் இல்ல சார். கொழுப்பு எங்க இருக்குங்கிறதுதான் விஷயம். தொடையில, தோலுக்கடியில இருக்கிறது அவ்வளவா தொந்தரவு பண்ணாது. குடலச் சுத்தியும் ஈரல்லயும் சேருது பாருங்க, அதுதான் வம்பு. அது சும்மா கெடக்கிற மூட்டைன்னு நெனைக்காதீங்க. நாள் பூரா ஹார்மோன் சுரக்குது.” இன்சுலினுக்கு ஒத்தாசை செய்கிற ஒரு ஹார்மோனையும் கொழுப்புதான் தருகிறதாம், வயிறு பெருக்கப் பெருக்க அது குறைந்துபோகுமாம். ‘போதும், நிறைஞ்சிடுச்சு’ என்று மூளைக்குச் சொல்லி அனுப்புவது இன்னொன்று, லெப்டின். கொழுப்பு கூடினால் அது கூடுதலாகத்தான் சுரக்கும், ஆனால் மூளை காதில் வாங்காதாம்.

“பஸ்ல நான் உள்ள போங்க உள்ள போங்கன்னு கத்துறேனே, அந்த மாதிரி,” என்றார் இவர். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது, எவ்வளவு சட்டென்று பிடித்துக்கொண்டார்!

அடுத்த நிமிஷமே கெடுத்தார். “ஆனா டாக்டர், இதெல்லாம் நாப்பத்தொண்ணு இடுப்புக்காரனுக்கு. எனக்கு முப்பத்திநாலு. உங்க டேப்புல கோளாறு. என் வீட்டுக்காரி டெய்லர். கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு அவதான் அளவு எடுக்கிறா.” சொல்லிவிட்டு, இடுப்புப் பட்டியைத் திருப்பி உள்ளே இருந்த லேபிளைக் காட்டினார். 34.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மாத்திரை அட்டை பிரிக்காமல் டிவி மேல் கிடக்கிறது.

மார்ச் 10, திங்கள்

எழுதியாவது வைக்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. இவருக்குப் பேண்ட் பட்டன் மாட்டவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தார், படுத்துப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. “துவைச்சதுல சுருங்கிடுச்சுங்க, குடுங்க” என்று வாங்கி, பின்தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு குதித்தார். “பாத்தியா, நான் அப்படியேதான் இருக்கேன்!”

அன்றைக்கு ஆரம்பித்தது. அரை அரை அங்குலமாக ஏழு அங்குலம் ஆகிவிட்டது. வீட்டுப் பேண்ட், டிப்போ யூனிஃபார்ம் எல்லாம் என் கைத்தையல்தானே. 34 என்று அச்சடித்த லேபிள் ஒரு சுருளே வாங்கி வைத்திருக்கிறேன். பெல்ட் போடவிட மாட்டேன், ஓட்டை காட்டிக் கொடுத்துவிடும். பக்கத்தில் எலாஸ்டிக் வைத்து, “இதுதான் இப்ப ஃபேஷன்” என்பேன். நம்புவார். நான் எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷன்.

ஆசையாகச் செய்ததுதான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியும் சொல்லாத, பேண்ட்டும் சொல்லாத ஒரு ஆளுக்கு யார்தான் சொல்வது?

மார்ச் 15, சனி

கடைக்கு வந்து என் எதிரிலேயே மூன்று கிரீம் பன், ஒரு பாட்டில் கலர். “இடுப்பு முப்பத்திநாலு இருக்கிறவன் தின்னலாம்.” கண் சிமிட்டல் வேறு.

மகளுக்கு என் திருட்டுத்தனம் பூராவும் தெரியும். சின்ன வயதில் லேபிள் வெட்டிக் கொடுத்தவளே அவள்தான். அவர் போனதும் பிடித்துக்கொண்டாள். “டாக்டர் சொன்னாலும் நம்பல, ரத்தம் சொன்னாலும் நம்பல. உன் டேப்ப மட்டும்தாம்மா அப்பா நம்புறாரு. நாளைக்குள்ள நீ சொல்லு. இல்லன்னா நான் சொல்லிடுவேன்.”

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிட்டேன்.

காலையில் டீ குடித்து முடித்ததும், ஏழு பேண்ட்டையும் மேசைமேல் பரப்பினேன். உள்பக்கம் திருப்பி ஒவ்வொரு தையலாகக் காட்டினேன் — இது அரை, இது ஒண்ணு, இங்க வேற துணி வச்சு ஒட்டுப் போட்டேன். லேபிள் சுருளையும் வைத்தேன். அப்புறம், “எந்திரிங்க” என்று என் டேப்பைச் சுற்றினேன். நாற்பத்தொன்று. டாக்டரம்மா டேப் நல்ல டேப்தான்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். “ஏழு அங்குலமா?” என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் கழித்து, “டிப்போவுல எல்லாரும் பாத்துச் சிரிச்சிருப்பாங்க, எனக்குத்தான் தெரியல” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அது என் கையாலதானே — கடவுளே.

மார்ச் 17, திங்கள்

யூனிஃபார்மிலிருந்த லேபிளை அவரே கத்தரித்து எடுத்திருக்கிறார். துணியும் சேர்ந்து கிழிந்திருக்கிறது. பேசவில்லை.

மார்ச் 19, புதன்

பேசினார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றார்.

“பொய் சொன்னதுக்குக் கோவம் இல்லடி. ஒரு நம்பரக் கேட்டா தாங்க மாட்டான்னு நெனச்சுட்டியே, அதான்.”

“உங்க மொகம் வாடுனா எனக்குத் தாங்காதுங்க. உங்களுக்காக ஒண்ணும் இல்ல, எனக்காகத்தான் செஞ்சேன்,” என்றேன். ஈரக் கையோடு அழுதுவிட்டேன்.

“சரி சரி, தட்ட ஒடச்சிடாத,” என்றார். டிவி மேலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். “சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

ஏப்ரல் 22, செவ்வாய்

டிப்போவுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறார். பஸ் டிரைவர் பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கிற அதிசயத்தைப் பார்க்கச் சக டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்களாம். கலர் பாட்டிலை விட்டாயிற்று. பன்னை விடவில்லை; மூன்று ஒன்றாகியிருக்கிறது, அதையும் பாதி என்னிடம் தள்ளிவிடுகிறார். முதல் இரண்டு வாரம் வீட்டில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள முடியவில்லை. பசி வந்தால் சிடுசிடுப்பு. “இன்னும் அது மூளை காதுல விழலடி” என்று தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாவமாக இருக்கும். ஞாயிறுதோறும் அளக்கிறேன். இன்று வரை ஒரு அங்குலம் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

பஸ் இவருக்குத்தான்!

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டு புள்ளி ஒன்றிலிருந்து ஆறு புள்ளி ஒன்பது. டிப்போ டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் இறங்கணும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு அங்குலம் குறைந்ததற்கே உள்ளே இருக்கிற கொழுப்பு இவ்வளவு அடங்கியிருக்கிறதாம். இடுப்பு முப்பத்தொன்பது. புதுப் பேண்ட்டில் 39 என்று நானே கையால் நூலில் தைத்து வைத்தேன். டிப்போவில் எல்லாருக்கும் திருப்பிக் காட்டினாராம், வெட்கம் கெட்ட மனுஷன்.

ஜூன் 8, ஞாயிறு

அளந்து முடித்ததும் டேப்பை என் கையிலிருந்து பிடுங்கினார். “கையத் தூக்கு.”

“எனக்கெதுக்கு? தள்ளிப் போங்க.”

“தூக்குன்னா தூக்கு.”

ஊர் இடுப்பையெல்லாம் அளந்திருக்கிறேன். என்னை யாரும் அளந்ததில்லை, நானும் அளந்துகொண்டதில்லை. தொளதொளவென்று தைத்துப் போட்டுக்கொள்வேன், தைக்கிறவளுக்கு அளவு எதற்கு என்று. டேப்பைத் தலைகீழாகப் பிடித்தார், திருப்பிக் கொடுத்தேன். “மூச்ச இழுக்காத, எனக்கு எல்லா வித்தையும் தெரியும்,” என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். மறுபடியும் சுற்றிப் பார்த்தார்.

“நாப்பது.”

இவரைவிட ஒன்று கூட. இத்தனை வருஷம் மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறேனே, மிச்ச பன்னெல்லாம் யார் தின்றது என்றுதான் தோன்றியது. “கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாலு அங்குலம் கொறச்சுச் சொன்னா என்னவாம்?” என்றேன்.

“சொல்ல மாட்டேன்,” என்றார். டேப்பை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். “நீ எனக்கு ரொம்ப நாள் வேணும்டி.”

வருகிற வியாழனுக்கு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கிவிட்டார். இந்த முறை டாக்டரம்மா எதிரே நோயாளி நாற்காலியில் உட்காரப் போவது நான்.