அப்பாவின் தாடையில் இரண்டு வழி

என் அருமை அப்பாவுக்கு,

உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் இருந்தபோதே கேட்டிருக்க வேண்டியது.

ஆலங்காயத்தில் நான் பல் கிளினிக் திறந்த புதிதில் உங்கள் இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுக்க உட்கார வைத்தேனே, நினைவிருக்கிறதா? இரண்டு ஊசி போட்டும், "இன்னும் மரத்துப்போகலம்மா" என்றீர்கள்.

"உதடு மரத்துடுச்சா?"

"அது மரத்துடுச்சு. பல்லுதான் வலிக்குது."

"அப்படி இருக்காதுப்பா. பயப்படாதீங்க" என்று பல்லை அசைத்தேன். என் விரலைக் கடித்துவிட்டீர்கள்.

ஜவ்வாது மலை வளைவுகளில் லாரி ஓட்டிய மனிதர் ஊசிக்குப் பயந்து மகளைக் கடித்த கதையை எத்தனை கல்யாணப் பந்தியில் சொல்லியிருப்பேன்? அம்மா ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பாள். நீங்கள் இலையைப் பார்த்தபடி, "நெஜமாவே வலிச்சிச்சு" என்பீர்கள். அவ்வளவுதான்.

போன வாரம் காவலூரிலிருந்து சாமை பயிரிடும் ஒரு அம்மா வந்தார். அவருக்கும் உதடு மரத்தது, பல் மரக்கவில்லை. முதல் வேலையாக என் விரலை வெளியே எடுத்தேன்.

"பொய் சொல்லி எனக்கு இன்னா வரப்போவுது?" என்றார்.

முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். கீழ்த்தாடை எலும்புக்குள் நரம்பு போக ஒரு குழாய் உண்டு. பக்கத்துக்கு ஒன்றுதான் இருக்கும். அவருக்கு அது இரண்டாகப் பிரிந்திருந்தது. என் ஊசி ஒரு கிளையைத்தான் தூங்க வைத்திருக்கிறது. சற்று மேலே இன்னொன்று போட்டேன். பல் வந்தது. அவர் முனகக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து பீரோவைக் கிளறி, வாணியம்பாடியில் எடுத்த உங்கள் பழைய எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இடப்பக்கம் பளிச்சென்று இரண்டு குழாய். அன்று நான் பல்லின் வேரை மட்டும் பார்த்திருக்கிறேன். ஐந்து வருஷம் படித்து என்ன பயன்?

அம்மாவிடம் காட்டினேன்.

"அப்போ அந்த மனுசன் நெஜமாதான் சொன்னாரா?" என்றாள். எக்ஸ்ரேவை வாங்கி அவளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெல்ல, "கடிச்சது சரிதான்" என்றாள்.

அடுத்த வாரம் சந்தவாசலில் அத்தை பேத்திக்குக் காதுகுத்து. சிரித்த அத்தனை பேரும் வருவார்கள். எக்ஸ்ரேவோடு போகிறேன். ஒவ்வொருவரிடமும் உங்கள் தாடையைக் காட்டி, பயந்தவர் நீங்கள் இல்லை, படிக்கத் தெரியாதவள் நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். இது சத்தியம்.

இத்தனை நாள் உங்களை நம்பாத,
உங்கள் மூத்த மகள்