முள்ளையும் சந்தேகித்த அப்பாவுக்கு

எதையும் திருப்பிப் பார்க்காமல் நம்பாத என் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தையும் நீங்கள் முதலில் திருப்பித்தான் பார்ப்பீர்கள். யார் எழுதியது, எதற்கு எழுதியது, கடைசியில் என்ன கேட்கப் போகிறாள் என்று. பணம் காசு எதுவும் கேட்கப் போவதில்லை அப்பா. ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அம்மா நன்றாக இருக்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று அவரே சொல்கிறார்; நான் நம்பாமல் மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறேன். கம்பம் பஸ்ஸில் இப்போதெல்லாம் டிக்கெட்டை மெஷினில் அடித்துக் கொடுக்கிறார்கள். சட்டைப் பையில் வைத்தால் எழுத்து மங்கிவிடுகிறது. நீங்கள் இருந்திருந்தால், "களவாங்குறதுக்குன்னே எவனோ கண்டுபிடிச்சிருக்கான்" என்று சொல்லியிருப்பீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன்: என் அப்பா கம்பம், தேனி வழித்தடத்தில் பஸ் செக்கர். சின்னமனூர் தாண்டி ஏதாவது ஒரு வளைவில் நின்று கை காட்டுவார். பஸ் நின்றதும் கண்டக்டரின் முகம் மாறும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையைத் திருப்பிப் பார்க்கிற மனிதர். காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால், "அதுக்கு டிக்கெட் போட்ட கண்டக்டர் யாரு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அப்படிப்பட்ட உங்களுக்கு என் ப்ளஸ் டூ இயற்பியல் வகுப்பு வசமாகக் கிடைத்தது. வருஷம் தொண்ணூற்றெட்டு. பிசிக்ஸ் சார் எங்களிடம் எதிர்பார்த்தது இரண்டே விஷயம். ரெக்கார்டு நோட்டு பிரவுன் அட்டை போட்டு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்க வேண்டும். சோதனையில் புத்தகத்தில் உள்ள விடை வர வேண்டும். வராவிட்டால், "பூமி தப்பா, நீ தப்பா?" என்று கேட்பார். பூமி தப்பு என்று யார்தான் சொல்ல முடியும்?

எனக்கு வராத சோதனை ஒன்றே ஒன்று. டேஞ்சன்ட் கால்வனோமீட்டர். வட்டமான கம்பிச் சுருள், அதன் நடுவில் ஒரு திசைகாட்டி. மின்சாரம் விட்டால் முள் திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்று குனிந்து பார்த்து எழுதி, அதிலிருந்து பூமியின் காந்தப்புலத்தைக் கணக்குப் போட வேண்டும். இரும்புச் சாமான் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதால் கடிகாரம், சாவி எல்லாவற்றையும் முதலிலேயே ஜன்னலில் வைத்துவிடுவோம். நானும் வைத்தேன். ஆனாலும் என் முள் ஒருநாளும் சரியான இடத்துக்கு வரவில்லை.

பாதிப் பேர் முள்ளைப் பார்த்து எழுதவே இல்லை, அது வேறு கதை. விடையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டு அளவை நிரப்பிவிடுவார்கள். சாரின் வீட்டுக்கு ட்யூஷன் போனவர்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை, எல்லாம் சரியாகவே வந்தது. நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். வகுப்புத் தேர்வில் சார் என் தாளைத் தூக்கிக் காட்டி, "இது கண்ணால பாத்து எழுதுனதா, கனவுல பாத்து எழுதுனதா?" என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. செய்முறை மதிப்பெண் குறைந்தால் கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது அந்தச் சிரிப்பை விட அதிகமாக உறைத்தது.

வீட்டில் வந்து சொன்னேன். நீங்கள் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டீர்கள்.

"ட்யூஷன் போற புள்ளைகளுக்கு மட்டும் முள்ளு சரியாத் திரும்புதாக்கும்? முள்ளுக்கு யாரு ட்யூஷன் எடுத்தது?"

அம்மா, "அந்த சார் நல்லவருன்னுதான் எல்லாரும் சொல்றாக" என்றார்.

"எல்லாரும் சொன்னாத்தான் எனக்குச் சந்தேகம்" என்றீர்கள். அதுவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினீர்கள். பஸ்ஸில் கடைசி சீட்டில் தூங்குகிற மாதிரி நடிப்பவனைப் பார்க்கிற அதே பார்வை. "ஆத்தா, நீ நெசமாவே பாத்துத்தான் எழுதுனியா?"

சார் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை அப்பா. நீங்கள் கேட்டபோது வந்தது. ஊரையே சந்தேகப்படுங்கள், என்னையுமா என்று இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். "சார், எம்புள்ள எங்கண்ணு முன்னாடி ஒருக்கா செய்யட்டும். நான் இங்கன ஓரமா நின்னுக்கிறேன்" என்றீர்கள். சாருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சரி என்றார். ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலே உங்கள் சாவிக்கொத்தை வெளியே வைத்துவிட்டு வந்தீர்கள்.

நான் கருவியைச் சரிசெய்தேன். இன்னும் மின்சாரம் விடவில்லை. அளவு பார்க்க மேசையில் சாய்ந்து குனிந்தேன். முள் அசைந்தது. நிமிர்ந்தேன், பழைய இடத்துக்குப் போனது. நான் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்தீர்கள். எத்தனை பேர் டிக்கெட்டை மறைப்பதைப் பார்த்த கண்!

முள்ளைப் பார்த்தீர்கள், பிறகு என் இடுப்பைப் பார்த்தீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர் முகம் அது.

"கொஞ்சம் வெளிய வா ஆத்தா."

வராந்தாவில் மெதுவாகச் சொன்னீர்கள். "அதைக் கழட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவாடை நாடாவில் முடிந்திருந்த லாடத்துண்டு. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டுகிற நேரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய சுடுகாட்டுப் பாதையில் நான் நடந்து வர வேண்டும். ஒருமுறை பயந்து காய்ச்சலில் படுத்தேன். அதற்குப் பிறகு அம்மா கட்டிவிட்டது. மாட்டுக் குளம்பில் அடிக்கிற லாடத்தில் பாதி, நல்ல கனமான இரும்பு. ஆனால் எனக்கு அது இரும்பாகவே தோன்றியதில்லை. அது காவல். சாவியை எடுத்து வைத்த நான் அதை எடுத்து வைக்க நினைக்கவே இல்லை.

"அம்மா திட்டுவாகளே?" என்றேன்.

"நான் சொல்லிக்கிறேன், குடு."

உள்ளே போய்ச் செய்தேன். முள் சரியாக வந்தது. சார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தார். "வெளிய கூட்டிட்டுப் போயி என்ன சொல்லிக் குடுத்தீக?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பேய்க்குப் பயந்து மகளுக்கு இரும்பு கட்டிய வீடு என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. "ஒண்ணுமில்ல சார், பயப்படாமச் செய்யின்னேன்" என்று நின்றீர்கள். சார் நம்பவில்லை. மறுபடியும் செய்யச் சொன்னார், மறுபடியும் சரியாகவே வந்தது. அப்போதும் அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. வாழ்க்கை முழுக்க மற்றவரைச் சந்தேகப்பட்ட நீங்கள், அன்று ஒருவரின் சந்தேகத்தைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டீர்கள். சாருக்கு என் மேல் ட்யூஷன் வராத கோபம் இருந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு செய்முறை வகுப்புள்ள நாளில் லாடத்துண்டு உங்களிடம் இருக்கும். சாயங்காலப் பஸ்ஸை எங்காவது நிறுத்தி ஏறுவீர்கள். முன்சீட்டிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து, என்னிடமும் யாரோ எவரோ போல, "பாஸைக் காட்டு" என்பீர்கள். காட்டுவேன். பாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்கு அடியில் லாடத்துண்டும் என் கைக்கு வரும். உங்கள் பையில் கிடந்த சூடு அதில் இருக்கும். எனக்குச் செய்முறையில் நல்ல மதிப்பெண் வந்தது, கல்லூரியில் இயற்பியலே கிடைத்தது, இன்று தேனியில் அதையே பாடமாக எடுக்கிறேன்.

இத்தனை வருஷமும் அதை அம்மா கட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் முதல் திதி அன்று பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். அம்மா இலை துடைத்த கையோடு நிமிர்ந்தார்.

"நானாவா கட்டுனேன்? எனக்கென்ன தெரியும்? உங்கப்பாதான் சின்னமனூர்ல லாடம் கட்டுறவர்ட்ட கேட்டு வாங்கிட்டு வந்தாக. 'நான் குடுத்தேன்னு சொல்லிறாத, நீ கட்டுன மாதிரி கட்டு'ன்னு சொன்னாக."

இப்போது என் கேள்வி அப்பா. காத்து கருப்புக்கு டிக்கெட் கேட்ட நீங்கள் அதை நம்பினீர்களா? இல்லை, நான் அந்தப் பாதையில் வரும்போது மட்டும் உங்கள் அவநம்பிக்கையையே நீங்கள் நம்பவில்லையா?

போன வாரம் என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு முள் தப்பாகவே திரும்பியது. கூட இருந்த ஆசிரியர், "இவ பாக்காமலே எழுதுறா" என்றார். நான் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். தயங்கித் தயங்கி, இடுப்பில் முடிந்திருந்த ஒரு பழைய ஆணியை எடுத்துக் கொடுத்தாள்.

"யாரு கட்டுனது?"

"எங்கம்மா கட்டுனாக மிஸ்."

நான் அதை நம்பவில்லை அப்பா.

நாளை மறுநாள் அவளுக்குத் தேர்வு. அன்று தேர்வு முடிகிற வரை அந்த ஆணி என் கைப்பையில் இருக்கும். அவள் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவள் கையில் கொடுத்துவிடுவேன். சந்தேகமாக இருந்தால் வழியில் எங்காவது கை காட்டி ஏறிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சந்தேகத்துக்கு ஒரே வாரிசு,
மகள் தமிழ்ச்செல்வி