கிரீடம் இருந்த பாதி

நாஃப்பிலியோ, 28 மார்ச் 1922

அன்புள்ள கும்பாரே லிசாண்ட்ரோஸ்,

நானும் எவான்தியாவும் சுகம். நீ ஞானத்தந்தையாக நின்று எனக்குக் கும்பாரன் ஆனாயே, அந்த எங்கள் மகன் ஃபோக்கியோன் கடலுக்கு அப்பால் அனடோலியாவில் துருக்கியருக்கு எதிரே துப்பாக்கியோடு நிற்பதால், அந்தச் சொல்லை எங்கள் இருவரின் அளவில் மட்டும் எடுத்துக்கொள்.

நீயும் உன் கட்சியினரும் கைதூக்கி நிறைவேற்றிய கட்டாயக் கடன் சட்டம் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. போர்ச் செலவுக்காக நாட்டின் ஒவ்வொரு பண நோட்டையும் இரண்டாக வெட்டவேண்டும். இடப்பாதி அரை மதிப்புக்குச் செல்லும். கிரீடம் அச்சிட்ட வலப்பாதி அரசுக்குக் கடன். அதற்கு ஒரு பத்திரம். என்னிடம் வழக்குக்கு வரும் கட்சிக்காரன் ஒருவன், ஆடு மேய்ப்பவன், தன் நோட்டுகளில் கிரீடத்தை மட்டும் வட்டமாகக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றான்.

“ராஜாவுக்கு வேண்டியது கிரீடந்தானேய்யா? அதை அளவா வெட்டி எடுத்துட்டேன். மிச்சம் எனக்குத்தானே?”

வங்கி இரண்டையும் வாங்க மறுத்துவிட்டது. சட்டப்படி வங்கி செய்தது சரி. ஆனால் அவனுக்கு அதை விளக்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது என் விஷயம். “பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வருவோம்” என்று சொல்லித்தான் 1920இல் வாக்குக் கேட்டீர்கள். மேடையில் உன் பக்கத்தில் நானும் நின்றேன். ஃபோக்கியோன் படைக்குப் போய் மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. எனக்குச் சலுகை வேண்டாம். அவனுடைய அணி எந்தத் தேதியில் விடுவிக்கப்படும் என்று சபையில் ஒரு கேள்வி கேள். அவ்வளவே.

உன் கும்பாரன்,
திமோலியோன் வெர்கிஸ், வழக்கறிஞர்

---

ஏதென்ஸ், 1 ஏப்ரல் 1922

என் தங்கக் கும்பாரே,

உன் கடிதத்தைப் படித்தேன். ஒரு தீர்ப்பு நகலைப் படித்த களைப்பு. அந்த ஆட்டுக்காரனுக்கு என் முத்தத்தைச் சொல். எங்கள் நிதிக் குழுவிலேயே அவனளவுக்குத் தெளிவான ஆள் இல்லை!

கேள்வியெல்லாம் எதிர்க்கட்சி வேலை. ஆளுங்கட்சிக்காரன் தேதி கேட்டால் எங்கள் தலைவர் தோளில் கைபோட்டுச் சொல்வார்: “என்ன லிசாண்ட்ரோஸ், உடம்பு சரியில்லையா? ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வாயேன்.” போன ஊரிலேயே இருக்கவேண்டியதுதான். கோடைக்குள் சமாதானம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஈஸ்டர் மெழுகுவர்த்தி அனுப்பியிருக்கிறேன். ஞானத்தந்தை தன் பிள்ளைக்கு அனுப்பாமல் இருக்கலாமா? அவனுக்கு மீசை முளைத்தால் என்ன! வெள்ளை நாடா கட்டியிருக்கிறது. இந்த ஆண்டு அவன் இல்லாவிட்டால், அவன் வந்தபின் ஏற்றட்டும்.

முத்தங்களுடன்,
லிசாண்ட்ரோஸ்

---

ஏதென்ஸ், 3 மே 1922

திமோலியோன்,

உன்னிடம் பேசிப் பயனில்லை என்று நானே செயலில் இறங்கிவிட்டேன். ஃபோக்கியோனை ஏதென்ஸில் ஒரு கிடங்குக்கு மாற்றும் உத்தரவு தயார். கையெழுத்தாகி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பதிலுக்கு ஒரு சின்னக் காரியம். தலைமை ஒவ்வொரு ஊரிலிருந்தும் தந்தி கேட்கிறது: “நகரப் பிரமுகர்களாகிய நாங்கள் அரசின் போர்க் கொள்கையை ஒருமனதாக ஆதரிக்கிறோம்.” நாஃப்பிலியோவில் உன் பெயர் முதலில் இருந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள். தந்தி வந்த அன்றே உத்தரவு போகும். வெறுங்கையோடு போய் என்னால் சலுகை கேட்க முடியாது, உனக்கே புரியும்.

லி.

---

நாஃப்பிலியோ, 24 மே 1922

அன்புள்ள லிசாண்ட்ரோஸ்,

சலுகை வேண்டாம் என்று எழுதியவன் நான். எவான்தியா உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வாக்கியத்துக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை. ஆகவே ஊர்ப் பிரமுகர்களின் கூட்டத்தைக் கூட்டினேன்.

பதினான்கு பேர் வந்தார்கள். மருந்துக்கடை யெராசிமோஸ் எழுந்தார்: “என் நோட்டைப் பாதியா வெட்டினீங்க, சரி. என் கையெழுத்தையும் பாதிதான் போடுவேன், செல்லுமா வக்கீலய்யா?” எல்லோரும் சிரித்தார்கள். அவரும் பள்ளித் துணைத்தலைவரும் வெளியேறினார்கள். பன்னிரண்டு பேர் கையெழுத்திட ஆயத்தம்.

ஆகவே “ஒருமனதாக” என்பது உண்மையன்று. “பெரும்பான்மையோர்” என்று திருத்தி வரைவை அனுப்பியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளில் நான் பொய்யென்று அறிந்த எதற்கும் கையெழுத்திட்டதில்லை. ஒரு சொல்தானே, திருத்தத்தை ஏற்றுக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

திமோலியோன்

---

ஏதென்ஸ், 2 ஜூன் 1922

கும்பாரே,

வரைவு திரும்பி வருகிறது. பெரும்பான்மையாம்! உன் வரைவைப் பார்த்துக் கட்சிச் செயலாளர் கேட்டார்: “உங்க ஊர்ல எத்தனை பேர் துரோகின்னு நீங்களே எண்ணிச் சொல்றீங்களா?” நாடு மூழ்கும்போது நீ ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். உத்தரவு இழுப்பறையில்தான் இருக்கிறது. அதற்குக் கால் முளைக்காது.

லி.

---

நாஃப்பிலியோ, 6 ஆகஸ்ட் 1922

லிசாண்ட்ரோஸ்,

ஃபோக்கியோனிடமிருந்து கடிதம் வந்து இருபது நாளாகிறது. அந்தக் கடைசிக் கடிதத்தில் காலணி கேட்டிருந்தான். வேறு எதையும் பற்றி எழுதவில்லை. நேற்றுக் காலை எவான்தியா காப்பிக் கோப்பையை என் முன் வைத்துவிட்டுச் சொன்னாள்: “உங்க ஒரு சொல்லுக்கு எம்புள்ள அங்க நிக்கிறான். அந்தச் சொல் அவனைப் பெத்துச்சா?”

தந்தி இன்று போய்விட்டது. “ஒருமனதாக” என்றே இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. இப்போது உத்தரவை அனுப்பு.

திமோலியோன்

---

ஏதென்ஸ், 11 ஆகஸ்ட் 1922

அருமைக் கும்பாரே,

இதுதான் என் திமோலியோன்! தந்தியைச் சபை முகப்பில் உரக்கப் படித்தேன், கைதட்டினார்கள். உத்தரவு இன்று போயிருக்கும். ஆனால் பதிவு முத்திரை வைப்பவர் மாதா திருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டார். அலுவலகம் பதினாறாம் தேதிதான் திறக்கும். போர்முனை அமைதியாக இருக்கிறது. ஐந்து நாளில் என்ன ஆகிவிடும்? எவான்தியாவிடம் மெழுகுவர்த்தியைத் தூசி தட்டி வைக்கச் சொல்.

லிசாண்ட்ரோஸ்

---

ஏதென்ஸ், 30 செப்டம்பர் 1922

திமோலியோன்,

இக்கடிதத்தைக் கொண்டுவருபவர் நம்பிக்கையானவர். நான் என் வீட்டில் இல்லை. ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி போர்முனை உடைந்ததிலிருந்து உனக்கு எழுத எனக்குத் துணிவு வரவில்லை; அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆட்சியைப் பிடித்த இராணுவ அதிகாரிகள் விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். தனிப்பேச்சில் நான் போரை எதிர்த்தேன் என்று உன்னைப் போன்ற ஒருவர் உறுதிமொழி தந்தால் நான் பிழைப்பேன். நீ பொய் சொல்லமாட்டாய் என்பது நாடறிந்தது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நமக்குள் இருக்கும் ஞானஸ்நான எண்ணெயின் பேரால் கேட்கிறேன்.

உன் லிசாண்ட்ரோஸ்

---

நாஃப்பிலியோ, 9 அக்டோபர் 1922

திரு. லிசாண்ட்ரோஸ் கனெல்லோஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் இருபத்துமூன்று ஆண்டுகளில் எனக்கு எழுதிய கடிதங்கள் அனைத்தையும் வரிசைப்படுத்திப் படித்தேன். தாங்கள் போரை எதிர்த்ததாக ஒரு வரியும் இல்லை. ஆகவே கோரப்பட்ட உறுதிமொழியைத் தர இயலாது.

தங்களுக்கு எதிராகவும் நான் சாட்சி சொல்லப் போவதில்லை. மே 3ஆம் தேதிக் கடிதத்தைக் குழுவிடம் கொடுத்தால், மே 24ஆம் தேதி நான் எழுதியதையும் அருகில் வைக்கவேண்டும். மகனை அழைக்கும் உத்தரவு கையெழுத்தாகி இருக்கையில், ஒரு சொல்லுக்காக எழுபத்துநான்கு நாள்கள் காத்திருந்தவன் நான். அதன் பின்னர் அந்தச் சொல்லையும் எழுதிக்கொடுத்தேன். அதை விசாரிக்க இந்நாட்டில் குழு இல்லை.

தகவலுக்காக: ஃபோக்கியோன் பெயர் இறந்தோர் பட்டியலிலும் இல்லை, கைதிகள் பட்டியலிலும் இல்லை. அவன் அணியிலிருந்து திரும்பி வந்த ஒருவன், ஆகஸ்ட் பதினாறாம் தேதி, பின்வாங்கும் வழியில் அவனைக் கண்டதாகச் சொல்கிறான். அன்றுதான் தங்கள் அலுவலகம் திறந்தது. “காலுல துணி சுத்தியிருந்தான், அதனால பின்தங்கிட்டான்” என்றான்.

நேற்றுப் புதிய ஆட்சியாளர்களிடமிருந்து எங்கள் ஊருக்குச் சுற்றறிக்கை வந்தது. பிரமுகர்கள் புரட்சியை ஆதரித்துத் தந்தி அனுப்ப வேண்டும். வாசகத்தை அவர்களே தந்திருக்கிறார்கள்; “ஒருமனதாக” என்ற சொல் அதே இடத்தில் இருக்கிறது. முதலில் கையெழுத்திட்டவர் யெராசிமோஸ். இம்முறை முழுக் கையெழுத்து. நான் இடவில்லை. இப்போது இடாமலிருப்பது எனக்கு மிக எளிதாக இருக்கிறது.

தங்கள் கடிதங்களைக் கட்டித் தங்கள் ஆளிடமே கொடுத்தனுப்புகிறேன்; எரிப்பதோ வைத்திருப்பதோ தங்கள் விருப்பம். மெழுகுவர்த்தியையும் சேர்த்து அனுப்ப எண்ணிக் கையில் எடுத்தேன். எவான்தியா அதை என் கையிலிருந்து வாங்கி, நாடாவைச் சரிசெய்து, மறுபடி அவன் கட்டிலுக்கு மேலே வைத்தாள். அது அவனுக்கு வந்தது. திருப்பித் தரும் உரிமை எனக்கில்லை.

இப்படிக்கு,
தி. வெர்கிஸ், வழக்கறிஞர்