இடது சக்கரத்து நல்லெண்ணெய்

அண்ணாச்சி, இப்படி ஒன்று நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பதுதான் ஞாபகமில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு மழைக்காலம் முழுக்கக் குவார்ட்டர்ஸ் சுவரோரம் சும்மா நின்ற உங்கள் கார், வெளியே எடுத்த அன்றைக்கே யாரையாவது ஒரு உலுக்கு உலுக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் இந்த டெல்லியில் பெரிய பெரிய அதிகாரிகள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியே வாங்குவார்கள். அப்படிப்பட்ட எனக்கே இன்னும் நெஞ்சு அடங்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் கருகின நல்லெண்ணெய் வாசம் போகமாட்டேன் என்கிறது.

ஆயுதபூஜைக்கு மறுநாள், விஜயதசமி காலை. உங்கள் பேரனை நெல்லில் எழுத வைக்கக் கோயிலுக்குக் கிளம்பினோம். உங்கள் மகள் ஓட்டினாள். பக்கத்தில் நான். பின்னால் உங்கள் வீட்டம்மா, என் மைனி, பேரனை மடியில் வைத்துக்கொண்டு. லோதி ரோட்டுக்குத் திரும்பும் சின்னத் தெருவில் முன்னால் போன ஆட்டோ நின்றது. இவள் பிரேக்கை மிதித்தாள். யாரோ ஸ்டீயரிங்கைப் பிடுங்கியது போல வண்டி வலது பக்கம் பாய்ந்தது. எதிரே தண்ணீர் லாரி. கண்ணாடி முழுக்க லாரிதான் தெரிந்தது. நின்றபோது லாரிக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். நான் எல்லாரிடமும் நாலு விரல் என்றுதான் சொல்லிவருகிறேன்.

"மர்னா ஹை க்யா?" என்று, சாகத்தான் வந்தீர்களா என்பது போல, லாரிக்காரன் இந்தியில் கத்தினான்.

வண்டியை ஓரம்கட்டியதும் உங்கள் மகள்தான் முதலில் பேசினாள். "சித்தப்பா, ரைட் வீல்தான் ஜாம். ரைட்லதானே இழுத்துச்சு? இந்த வண்டியே வேண்டாம், ஜல்தி வித்துரலாம்."

எனக்குச் சாணக்யபுரிதான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அகல ரோடுகளில் நீங்கள் வேண்டுமென்றே பிரேக் மிதித்து மிதித்து ஓட்டுவீர்கள். பிறகு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பீர்கள். வண்டி எந்தப் பக்கம் இழுத்ததோ அங்கேயே நான் போய்க் குந்துவேன். "அவன் வேலைய அவன் பாக்கான் வே. வேலை செய்யாதவன் அந்தப் பக்கம் நிக்கான், அவனப் போய்ப் பாரும்" என்பீர்கள். ஆபீஸில் நம் செக்‌ஷன் ஆட்களைப் பற்றியும் இதையேதான் சொல்வீர்கள்.

இறங்கிப் புறங்கையை நீட்டினேன். வலது சக்கரம் கொதித்தது. இடது பக்கம் அந்தச் சூட்டில் கால்வாசிகூட இல்லை. குனிந்தால், நம்ப மாட்டீர்கள், தாளித்த வாசம். பிரேக் தட்டின் ஓரத்தில் விரலை வைத்தேன், வழுக்கியது. இடது பிரேக் பிடிக்கவே இல்லை, வலது மட்டும் பிடித்ததால்தான் வண்டி அந்தப் பக்கம் பாய்ந்தது.

"நேத்து பூசையில இந்தச் சக்கரத்துக்கு யாரு, என்ன செஞ்சது?" என்றேன்.

மைனி மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தட்டு துருப்பிடிச்சுச் செவசெவன்னு இருந்திச்சு. தோசைக்கல்லு துருப்பிடிச்சா எண்ணெ தடவ மாட்டமா? குச்சியில துணியச் சுத்தி நல்லாத் தடவினேன். அந்தப் பக்கம் சுவரு, கை எட்டலை."

"அம்மா! பிரேக்லயா எண்ணெய் தடவினே?" என்று மகள் அலறினாள்.

மைனி லாரி போன திசையைப் பார்த்தார். மடியில் இருந்த பேரனைப் பார்த்தார். பிறகு அவனைத் தூக்கி என்னிடம் நீட்டினார். "புடிங்க. எங்கையாலயே இவனக் கொன்னுருப்பேன். இனிமே நான் எதையும் தொடல. பூசையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." நீங்கள் இல்லாமல் அவர் தனியாகச் செய்த முதல் ஆயுதபூஜை அது. அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. லாரியைப் பார்த்ததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்ன மைனி, இதுக்குப் போயி? அண்ணாச்சியே ஒரு ஆயுதபூசைக்கு இதைச் செஞ்சவருதான!"

"அப்பாவா? ஜூட்! பொய் சொல்றீங்க!" என்றாள் மகள்.

"ஏளா, நாந்தான பக்கத்துல உக்காந்திருந்தேன்! கோல் மார்க்கெட் ரவுண்டானாவுல வண்டி சுத்துன சுத்துல கொய்யாப்பழ வண்டிக்காரன் கும்புடு போட்டுட்டு ஓடுனான். பழம் பூரா உங்கப்பா மடியில. 'வீட்ல சொல்லிராதயும் வே'ன்னு என் கால்ல விழாத குறை."

"அவுகளா?" என்றார் மைனி. வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. கடைசியில் கையை நீட்டிப் பேரனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போனோம். பேரன் 'அ' எழுதினான். மெக்கானிக் அந்தத் தட்டைக் கழுவி, இரண்டு பக்கமும் புது பிரேக் கட்டை போட்டான். இப்போது வண்டி நேராக நிற்கிறது. விற்கிற பேச்சும் நின்றது. தெருவில் எந்த வண்டி நின்றாலும் உங்களைப் போலப் புறங்கையை நீட்டுகிறேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறான்.

நேற்று மைனி பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அன்னைக்குச் சாயந்தரம் அவுக சட்டையெல்லாம் கொய்யாப்பழ வாசம். நான் கண்டுபிடிச்சிட்டேன், கேக்கத்தான் இல்ல."

அண்ணாச்சி, அப்படி ஒரு சாயந்தரமே கிடையாது. பிரேக் தட்டில் ஒரு விரல்கூடப் பட விடாத ஆள் நீங்கள். கொய்யாப்பழம் வரைக்கும் நான் அந்த நிமிஷத்தில் கட்டியது. கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள். மைனி கனவில் வந்து மட்டும் அது நடக்கவே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.